கூகுள் ஃப்யூட் ஆடறது எப்படி, அப்பால அதையே நம்ம ஏரியா தமிழ்ல நடத்தறது எப்படி

மொதல்லயே சொல்லிடறேன், இந்த கேம்ல ஜிகே வெச்சுனு ஒன்னும் பண்ண முடியாது. குரூப் ஃபோர்க்கு ராப்பகலா படிக்கிற பையன், பேப்பர ஒரு வரி விடாம படிக்கிற பெருசு, எல்லாரும் இதுல மண்ண கவ்வுவாங்க, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டினு கண்டதையும் தேடினு இருக்கறவன் தான் ஜெயிப்பான். ஏன்னா இங்க சரியான பதில் இன்னான்னு யாரும் கேக்கல, ஊருல இருக்கறவன் கூகுள்ல இன்னா டைப் பண்றான்னு தான் கேக்கறாங்க. அத புரிஞ்சுனா பாதி கேம் முடிஞ்சுது.

கேம் பேரு கூகுள் ஃப்யூட், 2013ல ஜஸ்டின் ஹூக்னு ஒருத்தர் செஞ்சது. அமெரிக்கா டிவில 1976ல ஆரம்பிச்ச ஃபேமிலி ஃப்யூட்னு ஒரு ஷோ இருக்கு, அதுல நூறு பேர்கிட்ட ஒரு கேள்விய கேட்டு வெச்சுட்டு, அந்த நூறு பேரும் இன்னா சொல்லியிருப்பாங்கன்னு ரெண்டு குடும்பம் மோதும். ஹூக் அந்த நூறு பேர தூக்கிட்டு அந்த எடத்துல கூகுள் ஆட்டோகம்ப்ளீட்ட, அதாவது நீ பாதி டைப் பண்றப்பவே மிச்சம் இதுவான்னு கீழ வந்து தொங்கற லிஸ்ட்ட, உட்கார வெச்சுட்டாரு, அவ்ளோதான் மேட்டர். பேருல கூகுள் இருக்குன்னு அந்த கம்பெனி கேம்னு நெனச்சுக்காத, அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆப் எல்லாம் தேட வேணாம், போன் பிரவுசர்லயே ஓடும், ஆனா பெரிய ஸ்கிரீன்ல நாலு பேரு சேந்து பாத்தா தான் மஜா.

உள்ள போனா கல்ச்சர், பீப்பிள், நேம்ஸ், கொஸ்டின்ஸ்னு நாலு வகை இருக்கும், ஒன்ன அமுக்கு. பாதி வாக்கியம் ஒன்னு வரும், கீழ பத்து கட்டம் மூடி இருக்கும். மிச்ச பாதிய டைப் பண்ணி என்டர் தட்டணும், அந்த பத்துல இருந்தா கட்டம் தொறக்கும், இல்லன்னா ஒரு எக்ஸ். மூணு எக்ஸ் வாங்கினா ஆட்டம் க்ளோஸ், மீதி கட்டத்த எல்லாம் அதுவே தொறந்து காட்டி வெறுப்பேத்தும். மொத எடத்துல இருக்கற பதிலுக்கு 10,000 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 9,000, அப்படியே கொறஞ்சு பத்தாவதுக்கு 1,000. பத்தும் புடிச்சா 55,000. எங்க கூட்டத்துல யாரும் பத்தையும் தொறந்தது இல்ல, பாதி தொறந்தாலே கெத்து தான்.

ஸ்பெல்லிங் பாத்து அடி. அப்பால மேல இருக்கற பாதிய திரும்ப டைப் பண்ணினு இருக்காத, மிச்சம் இருக்கறது மட்டும் போதும்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன். ஆட்டோகம்ப்ளீட் எப்படி வேல செய்யுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா உன் கெஸ்ஸு தானா தேறும். 2004ல கெவின் கிப்ஸ்னு கூகுள் இஞ்சினியர் ஒருத்தர் கூகுள் சஜஸ்ட்னு இத சோதனையா வுட்டாரு, 2008ல தான் மெயின் பேஜுக்கே வந்துச்சு. இதால மனுசங்க டைப் பண்ற வேல கிட்டத்தட்ட 25 சதவீதம் கொறையுது, எல்லாத்தையும் கூட்டினா ஒரு நாளைக்கு 200 வருஷத்துக்கு மேல டைப்பிங் நேரம் மிச்சம்னு 2018ல கூகுளே கணக்கு சொல்லுச்சு. அந்த லிஸ்ட் அவன் சொந்த மூளைல யோசிச்சு வர்றது இல்ல, மத்தவங்க நெஜமா தேடினதுலேர்ந்து எடுக்கறது. நீ எந்த பாஷைல அடிக்கிற, எந்த ஊர்லேர்ந்து அடிக்கிற, இப்ப எது சூடா ஓடுது, நீ முன்னாடி இன்னா தேடின, இந்த நாலும் சேந்து தான் லிஸ்ட்டு மாறும்.

இதுலேர்ந்து ரெண்டு விஷயம் கெடைக்குது. ஒன்னு, இந்த கேம் இங்கிலீஷ்ல அமெரிக்கா வாசன தூக்கலா இருக்கும், அதனால தண்டையார்பேட்டைல உக்காந்துனு தண்டையார்பேட்டை புத்தில யோசிச்சா வேலைக்காவாது. ரெண்டாவது, பசங்க நாலு பேர் சேந்தா மொத கெஸ்ஸே பச்சையா ஏதாவது கத்துவானுங்க, எல்லாரும் அத தான தேடுவாங்கன்னு. தேடுவாங்க தான், ஆனா ஆபாசம், வெறுப்பு, வன்முறை மாதிரி கேஸையெல்லாம் ஆட்டோகம்ப்ளீட்ல காட்டக்கூடாதுன்னு கூகுளுக்கு பாலிசி இருக்கு, புடிச்சு தூக்கிடறான். அதனால கெட்ட வார்த்தைல ஒரு எக்ஸ வீணாக்காத.

ஒரு ரவுண்ட கிட்ட போயி பாக்கலாம். கேள்வி இந்த மாதிரி வருதுன்னு வெச்சுக்கோ, கேன் ஐ கிவ் மை டாக், அதாவது என் நாய்க்கு இத குடுக்கலாமான்னு கேக்கறான், எதன்னு நீ சொல்லணும். நம்மாளு ஒடனே தயிர் சாதம்பான், கறி எலும்பும்பான், பக்கத்துல இருக்கற வாண்டு பிஸ்கட்டும்பான். பிஸ்கட்டுக்கு யாருப்பா கூகுள் பண்ணுவா, கைல இருந்தா தூக்கி போட்டுனு போயிடுவான் இல்ல? ஒருத்தன் போன எடுத்து தேடறான்னா அவனுக்கு ஒரு பயம் இருக்கணும், இல்ல சந்தேகம் இருக்கணும். ராத்திரில நாய் முனகுது, டாக்டர் இல்ல, வீட்டு அலமாரில மாத்திர இருக்கு, குடுக்கலாமா வேணாமா. அப்படி போனா மாத்திர பேர் தான மொதல்ல வரும்? அதுவும் அமெரிக்காகாரன் வீட்டு அலமாரி, அங்க டைலனால், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின், பெனட்ரில் இதெல்லாம் தான் இருக்கும். டைலனால்னா வேற ஒன்னும் இல்ல, நாம காச்சல்னா போடற டோலோல இருக்கற அதே பாராசிட்டமால் தான். மாத்திர தீந்ததும் சாப்பாட்டுக்கு வா, அதுலயும் டவுட்டு வர்ற சாப்பாடு, வாழப்பழம், முட்ட, பீநட் பட்டர் இந்த மாதிரி. (கேமுக்கு தான் சொல்றேன், நெஜமா நாய்க்கு பாராசிட்டமால் குடுத்துடாத, அதுக்கு அது விஷம்.)

கொஸ்டின்ஸ் வகை முழுக்க இதே ரூட் தான். கேள்விய பாத்ததும் பதில யோசிக்காத, இத டைப் பண்ற ஆள யோசி, அவன் எங்க கீறான், எத பாத்து பயந்துனு கீறான், பக்கத்துல இருக்கறவன்கிட்ட கேக்க வெக்கப்பட்டு கூகுள்கிட்ட எத கேக்கறான். ஒடம்பு, காதல், பணம், நாய் பூன, தூக்கம், இந்த அஞ்ச சுத்தி சுத்தி வந்தா ஏதாவது ஒன்னு மாட்டும்.

நேம்ஸ் வகைல பேரோட மொத பாதி மட்டும் வரும். மைக்கேல்னு வந்தா நம்மாளு ஜாக்சன்னு அடிப்பான், ஜோர்டன்னு அடிப்பான், அதோட மூச்சு நின்னுடும். விளையாட்டுகாரன், நடிகன், பாடகன், அரசியல்வாதி, கடைப்பேருன்னு ஒவ்வொரு ரூமா தொறந்து பாக்கணும், அப்ப தான் நீச்சல்காரர் ஃபெல்ப்ஸ் வருவாரு, நடிகர் கெயின் வருவாரு, ஹேண்ட்பேக் விக்கற கோர்ஸ் கூட வருவாரு. இங்கிலீஷ் படம் பாக்கற ஒரு ஆள் டீம்ல இருந்தா இந்த வகைய எடு, இல்லன்னா பக்கத்துலயே போகாத, சும்மா பேஜாரு. பீப்பிள், கல்ச்சர் ரெண்டும் நடுவாந்திரம், ஆடி பாத்து தெரிஞ்சுக்கோ.

எந்த கெஸ்ஸ மொதல்ல அடிக்கணும்னு ஒரு சண்ட எப்பவும் வரும். என் கட்சி இது, கேரம் போர்டுல ஓரத்துல விழற மாதிரி நிக்கற காய்ன வுட்டுட்டு ரெட்டுக்கு போறவன் மாதிரி ஆடாத, சாதாரணமா எவனுக்கும் தோணுற பதில மொதல்ல தட்டு. தொறந்த கட்டத்த பாத்தா மத்த கட்டம் எந்த பக்கம் போவுதுன்னு தெரிஞ்சுடும், ஒரு மாத்திர பேர் தொறந்துச்சுன்னா இன்னும் ரெண்டு மாத்திர உள்ள இருக்கும்னு தைரியமா போலாம். புத்திசாலித்தனமா தோணுற கெஸ்ஸ எல்லாம் கடைசி உயிருக்கு வெச்சுக்கோ.

இப்படி கொஞ்ச நாள் ஆடினா ஒரு சலிப்பு வரும், எவனோ ஒரு ஊர்க்காரன் மண்டைக்குள்ளயே எவ்ளோ நேரம் இருக்கறது. அப்ப தான் நம்ம வெர்ஷன் ஆரம்பிக்கணும், என்ன கேட்டா இது தான் ஒரிஜினல விட சூப்பரு, ஏன்னா அம்மா, பெரியம்மா, எதிர் வீட்டு அக்கா எல்லாரும் ஆடலாம், அவங்க தான் நம்மள விட நல்லாவும் ஆடுவாங்க.

தேவை ஒரு ஆள், ஒரு நெட்டு, ஒரு நோட்டு. அந்த ஆள் தான் கேள்வி போடறவன், அவன் ஆடக்கூடாது. பிரவுசர்ல இன்காக்னிட்டோ, அதாவது உன் பழைய தேடல் எதுவும் கலக்காத தனி விண்டோ, தொறந்துக்கோ, இது முக்கியம், ரெண்டு காரணத்துக்கு. உன் சொந்த தேடல் எல்லாம் லிஸ்ட்ல கலந்துட்டா அது ஊர் லிஸ்ட் ஆவாது, உன் லிஸ்ட் ஆயிடும். இன்னொன்னு மானம். நீ முன்னாடி தேடினது பக்கத்துல சின்ன கடிகார படத்தோட வந்து நிக்கும், மாமா அத்தையெல்லாம் ஸ்கிரீன பாத்துனு இருக்கற நேரத்துல அது உனக்கு தேவையா. இன்காக்னிட்டோ போட்டாலும் நீ எந்த ஊர்ல கீறன்னு அதுக்கு ஓரளவு தெரியும், அது நமக்கு நல்லது தான், ராயபுரத்துல உக்காந்து அடிச்சா நம்ம பக்கத்து லிஸ்ட்டா வர சான்ஸ் இருக்கு.

அப்பால பாதி வாக்கியம் ஒன்ன அடி. என்டர் தட்டாத, தட்டினா லிஸ்ட் போயி ரிசல்ட் வந்துடும். கீழ தொங்கற லிஸ்ட்ட நோட்டுல வரிசையா எழுதிக்கோ, இல்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கோ. கம்ப்யூட்டர்ல பத்து வரைக்கும் வரும், ஆறு ஏழு தான் வந்துச்சுன்னா ஆறு ஏழோட ஆடு, பத்து தான் வேணும்னு சட்டம் ஒன்னும் இல்ல. கேள்விய எல்லாம் முன்னாடியே எடுத்து வெச்சுடு, ஆடும்போது லைவ்வா தேடாத, காலைல இருந்த லிஸ்ட் சாயங்காலம் மாறியிருக்கும், அப்பறம் நீ ஏமாத்தறன்னு சண்ட வரும்.

ஒரு சின்ன டிரிக்கு, வாக்கியத்தோட கடைசில ஒரு ஸ்பேஸ் வுட்டு பாரு, வுடாம பாரு, ரெண்டுக்கும் வேற வேற லிஸ்ட் வரும். ஸ்பேஸ் இல்லன்னா அவன் அந்த வார்த்தையையே இன்னும் நீட்ட பாப்பான், ஸ்பேஸ் இருந்தா அடுத்த வார்த்தைக்கு தாவுவான். அதே மாதிரி ஒரே கேள்விய தமிழ் எழுத்துல அடி, தங்கிலீஷ்ல அடி, இங்கிலீஷ்ல அடி, மூணும் மூணு ஜனம். தமிழ் எழுத்துல அடிக்கறவங்க ஒரு மாதிரி, எப்படின்றத இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறவன் வேற மாதிரி. என் அனுபவத்துல வீட்டு கூட்டத்துக்கு தமிழ் எழுத்து லிஸ்ட் தான் சிரிப்பு, காலேஜ் பசங்களுக்கு தங்கிலீஷ்.

எந்த வாக்கியம் நல்லா ஓடும்? ஊர் பேர்ல ஆரம்பி. வண்ணாரப்பேட்டை டூ, பெரம்பூர் டூ, இதுல மத்தவங்க எங்க போறாங்கன்னு கண்டுபிடிக்கணும், பஸ்ஸுல டெய்லி போறவங்க பின்னி எடுப்பாங்க. காசிமேடுன்னு மட்டும் அடிச்சு வுடு, ஞாயித்துக்கெழம விடிகாலைல மீன் வாங்க போறவங்க வீட்ல இருந்தா அவங்க டீம் பக்கம் போயிடு. ரேஷன் கார்டு, ஈபி பில், ஆதார்ல, கனவில் பாம்பு, பல்லி விழும் பலன், முடி கொட்டாமல் இருக்க, இதெல்லாம் வற்றாத கெணறு. கனவு ரவுண்ட் எல்லாம் வந்துச்சுன்னா பெரியம்மாவ தனி ஆளா ஆட வுடணும், அவங்களுக்கு டீம் எதுக்கு.

பதில ஒத்துக்கறதுல தான் கலாட்டா. நம்ம பாஷைல ஒரே விஷயத்துக்கு பத்து பேர் இருக்கே. உதாரணத்துக்கு குழந்தைக்கு சளின்னு போட்டு லிஸ்ட் எடுத்து வெச்சிருக்கன்னு வெச்சுக்கோ, ஒரு கட்டத்துல நாட்டு மருந்துன்னு இருக்கு. எதிர் வீட்டு அக்கா கை வைத்தியம்னு சொல்றாங்க. குடுப்பியா மாட்டியா? அவங்க சொல்றாங்க, டேய் தம்பி ரெண்டும் ஒன்னு தான்டா, கற்பூரவல்லிய கசக்கி குடுக்கறத நாங்க கை வைத்தியம்னு தான் சொல்லுவோம்னு. அந்த டீம் இல்லவே இல்ல, அங்க எழுதியிருக்கறத தான் சொல்லணும்னு குதிக்குது. இதுக்குள்ள அத்தை நடுவுல பாட்டி வைத்தியம்னு ஒன்ன போடறாங்க. இந்த எடத்துல கேள்வி போடறவன் ஸ்ட்ராங்கா இருக்கணும். நான் வெச்சிருக்கற ரூல், அர்த்தம் ஒன்னா இருந்தா கட்டம் குடுத்துடு, ஆனா அந்த அர்த்தத்துல லிஸ்ட்லயே ரெண்டு கட்டம் இருந்தா மட்டும் சரியான வார்த்தைய கேளு. ஏன்னா நாட்டு மருந்து மூணாவதுலயும் பாட்டி வைத்தியம் எட்டாவதுலயும் இருந்தா ரெண்டுக்கும் பாயிண்ட் வேற. இந்த ரூல ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடு, நடுவுல சொன்னா அக்கா அடுத்த வாரம் வர மாட்டாங்க.

ரெண்டு டீம்னா மூணு தப்புக்கு அப்பறம் எதிர் டீமுக்கு ஒரே ஒரு சான்ஸ் குடு, அவங்க சரியா சொல்லிட்டா அந்த ரவுண்ட் பாயிண்ட் மொத்தமும் அவங்களுக்கு. இது அந்த டிவி ஷோவுல இருக்கற ரூல் தான், கூகுள் ஃப்யூட்ல கெடையாது. இத சேத்ததும் ஆட்டம் தலகீழா மாறிடும், ஏன்னா நீ ஆடும்போது அவங்க குசுகுசுன்னு பேசி ரெடியா இருப்பாங்க.

அரசியல் கேள்வி வேணாம். சண்ட வரும்றது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு கட்சிக்கோ வேட்பாளருக்கோ ஆதரவா இல்ல எதிரா படற மாதிரி வர்ற வரிகள காட்டக்கூடாதுன்னு கூகுள்ல தேர்தல் சம்பந்தமா தனி பாலிசியே இருக்கு, அதனால லிஸ்ட் சப்புன்னு இருக்கும்.

இதோட தம்பி மாதிரி இன்னொரு கேம் இருக்கு, ஹையர் லோயர் கேம். ஒரு பேரும் அத மாசத்துக்கு எத்தன தடவ தேடறாங்கன்ற நம்பரும் காட்டுவான், பக்கத்துல இன்னொரு பேர், அது அதிகமா கம்மியா, அவ்ளோதான். ஒரு தப்பு பண்ணா அவுட். இதுக்கு பெருசா டெக்னிக் கெடையாது. ஆனா இதயும் நம்ம ஏரியாவுக்கு இழுக்கலாம், அதுக்கு கூகுள் டிரெண்ட்ஸ் இருக்கு, ஒரு வார்த்தைய எப்ப எவ்ளோ தேடறாங்கன்னு கிராஃபா காட்டற, 2006லேர்ந்து ஓடினு இருக்கற ஃப்ரீ சைட்டு. அஞ்சு வார்த்த வரைக்கும் ஒரே நேரத்துல மோத வுடலாம், நாடு இந்தியா வெச்சு அப்பறம் தமிழ்நாடுன்னு சுருக்கிக்கலாம், காலமும் மாத்திக்கலாம். ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ, அதுல வர்ற 0 முதல் 100 வரைக்கும் உள்ள நம்பர் எத்தன பேர் தேடினாங்கன்ற எண்ணிக்கை இல்ல. அந்த கிராஃப்லயே உச்சமா இருக்கற எடத்த 100ன்னு வெச்சு மத்தத அதோட ஒப்பிட்டு போடறது. இது தெரியாம நூறு பேர் தான் தேடினாங்களான்னு ஒருத்தன் கேப்பான், கேக்க வுடு.

டிரெண்ட்ஸ்ல எனக்கு புடிச்ச ரவுண்ட் வேற. ஒரு வார்த்தைய மட்டும் போட்டு, கிராஃப காட்டாம, இது எந்த மாசத்துல உச்சத்துக்கு போயிருக்கும்னு கேக்கணும். புழல் ஏரின்னு வெச்சு கேளு, நம்ம பக்கத்து ஜனத்துக்கு ஐப்பசி கார்த்திகை மழை ஞாபகம் எல்லாம் வெளிய வந்துடும், எந்த வருஷம் எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு வீட்டு சுவத்துல கைய வெச்சு காட்டுவாங்க. செம்பரம்பாக்கத்தையும் கூட சேத்து மோத வுட்டு, 2015 டிசம்பர்ல எது மேலன்னு கேக்கலாம். எண்ணூர்னு போட்டா எல்லாரும் 2023 டிசம்பர தான் சொல்லுவாங்க, மிக்ஜாம் புயல், அந்த வெள்ளத்தோட கொசஸ்தலை ஆத்துல எண்ணெய் கலந்தது, அது ஓயறதுக்குள்ள மாச கடைசில அம்மோனியா கசிவு, எல்லாம் ஒரே மாசம். அந்த எண்ணெய் வலைல ஒட்டினத கையால தேச்சு எடுத்த குடும்பத்துக்காரங்க கூட்டத்துல இருந்தா இந்த கேள்விய போடாத, விளையாட்டு அங்கேயே நின்னுடும். அவங்க சொல்றத கேட்டுட்டு அடுத்த வாரம் ஆடிக்கலாம்.

சின்ன பசங்க ஆடறாங்கன்னா லிஸ்ட்ட ஒரு தடவ நீயே முழுசா படிச்சுட்டு அப்பறம் கேள்விய வை, பாலிசி இருந்தாலும் சில சமயம் ஏடாகூடமா ஒன்னு தப்பிச்சு வந்து நிக்கும், அதுவும் தங்கிலீஷ்ல. பாயிண்ட் டை ஆச்சுன்னா டிரெண்ட்ஸ்ல ரெண்டு சாப்பாட்டு பேர போடு, பிரியாணியா பரோட்டாவா, போன வாரம், தமிழ்நாடு, ஆளுக்கு ஒன்னு சொல்லணும், தோத்தவன் கீழ எறங்கி எல்லாருக்கும் டீ வாங்கினு வரணும்.